முப்பத்து மூன்றுக்கு விழுந்த இன்டு

காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் ஆதிலட்சுமி டீச்சருக்கு அந்தச் சந்தேகம் முதலில் வந்தது. எட்டாம் வகுப்பு, இருபத்தேழு தாள்கள். பதினான்காவது கேள்வி ஒரு சதவீதக் கணக்கு. கடையில் இருபத்தைந்து கிலோ அரிசி இருக்கிறது, அதில் முப்பது சதவீதம் விற்றுவிட்டது, மீதி எவ்வளவு என்பது கேள்வி. பதினொரு பேர் அதைத் தொடவே இல்லை. ஓரத்தில் பதினான்கு என்று எழுதி, கீழே நாலு விரற்கடை இடம் விட்டு, அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்கள்.

பன்னிரண்டு வருஷமாகத் தாள் திருத்துகிறவருக்கு வெற்றிடம் புதிதல்ல. வழக்கம்போலச் சைபர் போட்டுப் புரட்டியிருப்பார். ஆனால் ஒரு தாளில் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அழுக்காக இருந்தது. எழுந்து போய் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம். மொத்தம் ஐந்து வரி. நாலாவது வரியில் பதினேழரை என்று சரியான விடையே வந்திருந்தது. ஐந்தாவது வரியில் அந்தப் பதினேழரையை வேறு ஏதோ எண்ணாக மாற்றப் பார்த்து, முடியாமல், எல்லாவற்றையும் சேர்த்து அழித்திருந்தது ஒரு கை.

தாள் வேல்விழியுடையது. இரண்டாம் வரிசையில் உட்காரும் பெண். அவளுடைய அப்பா கொளஞ்சியப்பன் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அச்சு செய்கிறவர். பள்ளிக்கூடத்திலிருந்து தொழிற்பேட்டை நடந்து போகிற தூரம்தான். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே மண்ணிலோ சூளையிலோ வேலை பார்த்தார்கள்.

ஆதிலட்சுமி மற்றப் பத்துத் தாள்களையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். இன்னும் ஆறில் தடம் இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுத் தட்டு கழுவுகிற இடத்தில் வேல்விழியைத் தனியாகப் பிடித்து, ஏன் அழித்தாய் என்று கேட்டார். கேட்ட தொனியில் கோபம் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேல்விழி தட்டை ரெண்டு தரம் கழுவினாள். மூன்றாம் தரம் கழுவும்போது சொன்னாள்.

"முழுசா வரல டீச்சர். புள்ளி வந்துது. அப்ப தப்புதான? தப்பாப் போட்டா இன்டு போடுவீங்க. போடாம வுட்டா வெறும் சைபர்தான்."

தப்புக்கு டீச்சர்கள் போடுகிற பெருக்கல் குறியைத்தான் பிள்ளைகள் இன்டு என்பார்கள். இரண்டுக்கும் மார்க் ஒன்றுதானே என்று ஆதிலட்சுமி கேட்டார். மார்க் ஒன்றுதான், ஆனால் இன்டு வேறு என்பதுபோல அந்தப் பெண் பார்த்தாள்.

ஆதிலட்சுமிக்கு அது புரியாமல் இல்லை. அவருக்கும் அப்படி ஒரு தாள் உண்டு.

அவர் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். ஐந்தாம் வகுப்பிலிருந்தே கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவார். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு, பன்னிரண்டிலும் கிட்டத்தட்ட அப்படியே. விருத்தாசலத்தில் பி.எஸ்சி. முடித்து, சிதம்பரத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தார். அங்கேதான் முதல்முறையாக ஒரு கணக்கைப் படித்துவிட்டு அது என்ன கேட்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்தார். தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அதற்கு முன்னால் அவருக்குப் பழக்கமே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அடித்து, திருத்தி, சண்டை போட்டுப் படித்தார்கள். அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் செமஸ்டர் தேர்வில் ஒரு தாளில் பதிவெண்ணை மட்டும் எழுதிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் டைபாய்டு என்று சொல்லிப் படிப்பை நிறுத்தினார். பிறகு பி.எட்., அரசு வேலை, சேத்தியாத்தோப்புப் பக்கம் ஆறு வருஷம், இங்கே ஆறு வருஷம். எட்டாம் வகுப்புக் கணக்கில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அது வசதியாக இருந்தது.

இந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் கையை எடுக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார். இரண்டு வாரத்தில் ஒன்று தெரிந்தது. முதல் வரியிலேயே நிற்பவர்கள் மூன்று நான்கு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் நன்றாகவே போய், பின்னமோ புள்ளியோ வந்ததும் பயந்து நிறுத்துகிறார்கள். விடை என்றால் முழுசாக, அழகாக வரவேண்டும், கொஞ்சம் கோணலாக வந்தால் நாம்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவைத்த மாதிரி இருந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தார். தான் கரும்பலகையில் போடும் மாதிரிக் கணக்குகள் எல்லாம் முழு எண்ணில் முடியும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை என்பது அப்போதுதான் உறைத்தது.

சில வழிகளை முயன்று பார்த்தார். தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை, போடுங்கள் என்று வகுப்பில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த பரீட்சையிலும் அதே வெற்றிடம். பிறகு, எதையாவது எழுதினாலே அரை மார்க் என்றார். அந்த வாரம் தாள்கள் நிரம்பி வழிந்தன. ஒன்பது பேர் கேள்வியையே விடையாகத் திருப்பி எழுதியிருந்தார்கள். வளவன் என்ற பையன் தன் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். சிவப்பு மைதான் பயமுறுத்துகிறதோ என்று பச்சை மைக்கு மாறினார். பத்து நாள் கழித்து வேல்விழியின் பக்கத்தில் உட்காரும் அன்புக்கரசி, இப்போது பச்சைப் பேனாவைப் பார்த்தாலும் இன்டுதான் ஞாபகம் வருகிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

ஐப்பசி மழையில் வகுப்பறை வாசல்களில் இருந்த பெயர்ப் பலகைகள் ஊறி உப்பிப் போயின. மரச்சட்டம் மட்டும் நன்றாக இருந்தது. தலைமையாசிரியை ராஜாம்பாள் புதுப் பலகைக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது, பீங்கானில் செய்தால் மழைக்கு ஒன்றும் ஆகாது என்று கொளஞ்சியப்பன் வந்து சொன்னார். கம்பெனி முதலாளியும் சம்மதித்துவிட்டார். வகுப்புக்கு ஒன்றாக எட்டுப் பலகை. முதலில் மாதிரிக்கு ஒன்று செய்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

சட்டத்தில் இரண்டு பக்கமும் நகக்கண் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. பலகையை மேலிருந்து இறக்கினால் அந்தப் பள்ளங்களில் உட்காரும். பள்ளத்துக்குப் பள்ளம் சரியாக முப்பது சென்டிமீட்டர். மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது நூற்றுக்குப் பத்து சுருங்கும் என்று கொளஞ்சியப்பன் சொல்லியிருந்தார். அப்படியானால் அச்சு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

பாடத்தில் சதவீதம் நடந்துகொண்டிருந்த நேரம். ஆதிலட்சுமிக்கு இது கையில் வந்து விழுந்த கணக்கு. கரும்பலகையில் கடகடவென்று போட்டார். முப்பதில் பத்து சதவீதம் மூன்று. முப்பதும் மூன்றும் முப்பத்து மூன்று. முழு எண். வகுப்பே ஒரே குரலில் முப்பத்து மூன்று என்றது. அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வேல்விழியிடம் கொடுத்தனுப்பினார்.

இரண்டு வாரத்தில் பலகை வந்தது. பால் வெள்ளையில் நீல எழுத்து, எட்டாம் வகுப்பு என்று. வாசலில் எல்லாரும் கூடி நிற்க, வளவன் பெஞ்சு மேல் ஏறி அதைச் சட்டத்தில் இறக்கினான். ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறுபக்கம் பள்ளத்தை விட்டு நழுவியது. நழுவிய பக்கத்தைப் பிடித்து உட்காரவைத்தால் முதல் பக்கம் நழுவியது. கீழே நின்றவர்கள் கையை நீட்டிக்கொண்டு அவனையும் பலகையையும் காப்பாற்றினார்கள். அளந்தால் இருபத்தொன்பது புள்ளி ஏழு. மூன்று மில்லிமீட்டர் குறைச்சல்.

சூளையில் சூடு அதிகமாகியிருக்கும், அதான் கூடச் சுருங்கிவிட்டது என்று ஆதிலட்சுமி சொன்னார். பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். வேல்விழி மட்டும் பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு குனிந்து நின்றாள். அவள் அப்பா சூளை அது.

சாயங்காலம் ஸ்கூட்டியைத் தொழிற்பேட்டைப் பக்கம் திருப்பினார். கொளஞ்சியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டார். அவரைச் சுற்றிலும் வெள்ளை அச்சுகள் அடுக்கி அடுக்கி நின்றன. டீச்சர் சூளை விஷயத்தை இதமாக எடுத்துச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சூளை சரியாத்தாங்க இருந்துது டீச்சர். அதே தடவதான் எரநூறு பீஸ் கட்ட, கரண்டு பெட்டியில மாட்டுறது, வெச்சோம். எல்லாம் அளவு பிசகாம வந்துருக்குது. மண்ணும் அதே மண்ணு."

பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"நானா போட்டா முப்பத்து மூணுக்கு மேல கொஞ்சம் கூட வெப்பேங்க. நீங்க கணக்கு டீச்சரு, எழுதிக் குடுத்துட்டீங்க. அதான் அப்புடியே செஞ்சிட்டேன்."

ஆதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் போட்டுப் பார்த்தார். மண் சுருங்குவது அதன் சொந்த நீளத்தில் பத்து சதவீதம். முப்பத்து மூன்றில் பத்து சதவீதம் மூன்று புள்ளி மூன்று. மீதி இருபத்தொன்பது புள்ளி ஏழு. சூளை இம்மி பிசகாமல் அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறது. காது மடல் சுட்டது. கொளஞ்சியப்பன், எவ்வளவு கூட வைப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லாதீங்கண்ணா. வேல்விழிகிட்டயும் சொல்லாதீங்க. ஒரு வாரம் மட்டும்."

கொளஞ்சியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சரிங்க டீச்சர் என்றார்.

வீட்டுக்குப் போனதும் கணவர் பாரியிடம் சொன்னார். பாரி ரயில்வே ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறவர். எங்கே பழுது என்று தேடுவதே அவருக்குத் தொழில் என்பதால் இந்தக் கதையை ருசித்துக் கேட்டார். நாளைக்கு வகுப்பில் என்ன சொல்வது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, தானே எதிர்பாராமல் ஆதிலட்சுமி இன்னொன்றையும் சொல்லிவிட்டார்.

"எனக்கு அப்ப டைபாய்டு எல்லாம் இல்லங்க. பேப்பர்ல ஒண்ணுமே எழுதாம குடுத்துட்டு வந்துட்டேன்."

பதிமூன்று வருஷம் கூட வாழ்ந்தவர் அதைக் கேட்டுக் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். கோபமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

"எந்தக் கேள்வி? ஞாபகம் இருக்குதா?" என்றார்.

இருந்தது. ஒரு கேள்வி வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. அதை அவரிடம் சொன்னார். பாரிக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. இருந்தாலும் முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பதினைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாத கேள்வியைச் சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்வது ஆதிலட்சுமிக்கு விநோதமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் அவர் முப்பத்து மூன்று என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினார். சிவப்புச் சாக்பீஸ் எடுத்து அதன்மேல் ஓர் இன்டு போட்டார். இந்தக் கணக்கை நான்தான் போட்டேன், இது தப்பு, சூளை மேல் பழி போட்டதும் தப்பு, வேல்விழி அப்பா செய்த வேலை சரி என்று சொன்னார். வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

வளவன்தான் கையைத் தூக்கினான்.

"நாங்களும் அதத்தான் போட்டோம் டீச்சர். எங்களுக்கும் இன்டா?"

"எல்லாருக்கும்தான்."

ஒருவர் சிரிக்க, அது பரவியது. டீச்சரையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேரும் ஒரே கணக்கில் இன்டு வாங்கியது அந்த வகுப்புக்கு அதுவே முதல்முறை.

எந்த அளவு என்று கண்டுபிடித்து அச்சு செய்யச் சொல்ல வேண்டும் என்றார் ஆதிலட்சுமி. யாருக்கு எது தோன்றினாலும் சொல்லலாம். அதில் பத்து சதவீதம் கழித்துச் சுருக்கிப் பார்த்து, என்ன வருகிறதோ அதைப் பக்கவாட்டுக் கரும்பலகையில் பெயரோடு எழுதவேண்டும், அழிக்கக் கூடாது. முப்பத்து நான்கு என்றான் வளவன். சுருக்கினால் முப்பது புள்ளி ஆறு, கூடிவிட்டது. முப்பத்து மூன்றரை என்றாள் ஒருத்தி. முப்பது புள்ளி ஒன்று ஐந்து, இன்னும் கூட. முப்பத்து மூன்று புள்ளி இரண்டு குறைந்தது. தப்பு ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் வேலி கட்டிக்கொண்டே வந்தது. விடை இதற்கும் அதற்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கிறது என்று மூன்றாம் நாள் எல்லாருக்கும் தெரிந்துபோனது. தங்கள் பெயர் போட்ட தப்பு பலகையில் நிற்பதைப் பிள்ளைகள் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

சமன்பாடு போட்டால் இரண்டு வரியில் முடிகிற கணக்கு. ஆதிலட்சுமிக்குப் பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் இருப்பதுதான் அந்த வாரத்தில் அவருக்கு இருந்த பெரிய வேலை. நான்காம் நாள் பாதிப் பிள்ளைகளுக்கு ஆர்வம் வடிந்தது. பாடம் எப்போது முடியும் என்று ராஜாம்பாள் கேட்டார். நியாயமான கேள்வி. தினமும் முதல் பத்து நிமிஷம் மட்டும் இதற்கு என்று ஒப்புக்கொண்டு, மிச்ச நேரம் பாடம் நடத்தினார்.

ஐந்தாம் நாள் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வேல்விழி நோட்டோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. முழுப் பக்கம் எழுதியிருந்தாள்.

"முடிய மாட்டேங்குது டீச்சர். நான் எங்கியோ தப்புப் பண்றேன்."

அழிக்கவில்லை என்பதை ஆதிலட்சுமி கவனித்தார். என்ன ஆகிறது என்று படித்துக்காட்டச் சொன்னார். முப்பத்து மூன்று புள்ளி மூன்று போட்டால் இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு. இன்னொரு மூன்று சேர்த்தால் இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு. ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் ஒன்பது கூடுகிறது, கடைசியில் அந்த ஏழு வந்து உட்கார்ந்துகொள்கிறது. முப்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது. படித்துக்கொண்டே வரும்போது வேல்விழியின் குரல் மாறியது. அழப்போகிறவள் மாதிரி இருந்தவள், அந்த ஏழு எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். அதை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இது எப்போது முடியும் என்று அவள் கேட்டாள். தனக்குத் தெரிந்து முடியாது என்றார் டீச்சர். அப்படியானால் விடையே இல்லையா என்று கேட்டாள். அதற்கு எட்டாம் வகுப்பில் எப்படிப் பதில் சொல்வது என்று ஆதிலட்சுமிக்குச் சட்டென்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார். யோசித்துவிட்டு, அச்சில் எவ்வளவு நுணுக்கமாக அளவு வைக்கமுடியும் என்று அப்பாவைக் கேட்டுவரச் சொன்னார். மறுநாள் பதில் வந்தது. அரை மில்லிமீட்டர். அதற்குக் கீழே கத்திக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அப்படியானால் ஒரு மூன்று போதும், மற்ற மூன்றெல்லாம் எனக்கு மட்டும்தான் என்றாள் வேல்விழி.

இது முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில் அன்புக்கரசி நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு இடத்துக்கு ஓடிப்போனாள். வாய் திறக்காத பெண். ஒரு மண் பட்டை வரைந்து பத்துக் கட்டமாகப் பிரித்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் மட்டும் கோடு கோடாக அடித்து, சுருங்கிப்போனது என்று எழுதியிருந்தாள். மிச்சம் ஒன்பது கட்டம். அந்த ஒன்பதும் சேர்ந்து முப்பது. ஒரு கட்டம் முப்பதை ஒன்பதாகப் பிரித்ததில் ஒரு பங்கு, அதாவது மூன்றும் மூன்றில் ஒன்றும். பத்துக் கட்டம் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். புள்ளியே இல்லை, மூன்றுகளின் வரிசையும் இல்லை. ஆதிலட்சுமி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வழி அவருக்குத் தோன்றியதே இல்லை.

எப்படி இது வந்தது என்று கேட்டதற்கு, மிச்சம் இருப்பதைத்தானே நாம் அளக்கிறோம் டீச்சர் என்றாள் அன்புக்கரசி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளோடு கம்பெனிக்குப் போனார்கள். கொளஞ்சியப்பன் அப்போதுதான் தன் ஸ்கேலை எடுத்துக் காட்டினார். பார்ப்பதற்குச் சாதாரண இரும்பு ஸ்கேல். பிள்ளைகள் தங்கள் பிளாஸ்டிக் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்தார்கள். அவர் ஸ்கேலில் முப்பது என்று இருந்த இடம் இவர்கள் ஸ்கேலில் முப்பத்து மூன்று புள்ளி மூன்றில் நின்றது. மண் சுருங்குவதைச் சேர்த்தே கோடு போட்ட ஸ்கேல். அதனால் அவர் எந்தக் கணக்கும் போடவேண்டியதில்லை. இதை முன்னாடியே காட்டியிருக்கலாமே என்று வளவன் அங்கலாய்த்தான். கொளஞ்சியப்பன் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டாவது பலகை சூளையில் மூலையோரம் விரிசல் விட்டு இரண்டாக வந்தது. தூக்கிப் போடப் போனவரை நிறுத்தி, பிள்ளைகள் இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து அளந்தார்கள். முப்பது. அதற்கே ஒரு கூச்சல் எழுந்தது. மூன்றாவது பலகை முழுசாக வந்து சட்டத்தில் உட்கார்ந்தது. பொங்கலுக்குள் எட்டு வாசலிலும் பலகை ஏறிவிட்டது.

அரையாண்டுத் தேர்வில் சதவீதக் கணக்கை விட்டுவிட்டவர்கள் நான்கு பேர். ஆதிலட்சுமி எதிர்பார்த்ததைவிட அதிகம், முன்பிருந்ததைவிடக் குறைவு. வேல்விழி இரண்டு கணக்கைப் பேனாவாலேயே போட்டு, ஒன்றைத் தப்பாகப் போட்டிருந்தாள். மூன்றாவது வரியில் பிசகி, அதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் மறுபடி முயன்று, அங்கேயும் பிசகியிருந்தாள். ஆதிலட்சுமி அந்தக் கணக்கைத் திருத்தக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். எங்கே வரை சரி என்று ஒரு சின்னக் கோடு போட்டு, அதுவரைக்கும் மார்க் கொடுத்தார். அந்த நான்கு பேரில் வளவன் ஒருவன். வகுப்பில் எல்லாவற்றுக்கும் முதலில் கையைத் தூக்குகிறவன் தாளில் ஏன் ஒன்றும் எழுதாமல் விடுகிறான்? கேட்டால் நேரம் பத்தவில்லை என்றான். அது உண்மையா, சொல்லித் தப்பிக்கிறானா என்று அவருக்குத் தெரியவில்லை. பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் அவன் பெயருக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்கினார். அந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை அதில் பாதிதான் நிரம்பியது. வாயால் சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்கிறான், கையெழுத்து மோசம் என்பதில் வெட்கப்படுகிறான் என்பதுவரை போனது. கடைசிப் பரீட்சையில் ஒரு கணக்கை மட்டும் நடுங்கும் எழுத்தில் முழுசாகப் போட்டிருந்தான்.

ஜூனில் அவர்கள் எல்லாரும் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். புது எட்டாம் வகுப்பு வந்தது. முப்பத்தொரு பேர். ஆதிலட்சுமி இப்போது மாதிரிக் கணக்குகளை முன்கூட்டிப் போட்டுப் பார்த்து வருவதில்லை. கோணலான விடை வந்தால் வகுப்போடு சேர்ந்து அவரும் அதைப் பார்த்தார். சில நாள் அது மணி அடிக்கும்வரை இழுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கொளஞ்சியப்பன் வாசலில் வந்து நின்றார். கையில் துணியில் சுற்றிய இரண்டு மண் பட்டை. கம்பெனிக்கு வேறு இடத்திலிருந்து மண் வர ஆரம்பித்திருக்கிறதாம். அது அதிகம் சுருங்குகிறது. தன் ஸ்கேல் அதற்கு உதவவில்லை. வேல்விழி ஒரு விடை சொல்கிறாள், சரியா என்று பார்க்கவேண்டும், பிள்ளைகளைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"நூத்துக்குப் பன்னெண்டு சுருங்குதுங்க டீச்சர். முப்பது வரணும்னா எவ்வளவு வெக்கணும்?"

ஆதிலட்சுமி கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். முன்வரிசையிலிருந்து ஒரு பையன் உடனே முப்பத்து மூன்று புள்ளி ஆறு என்றான். அதை அவன் பெயரோடு பக்கத்தில் எழுதிவிட்டு, சாக்பீஸை வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். விடையை அவர் இன்னும் மனசுக்குள் போடவில்லை.

கொஞ்ச நேரம் சலசலப்பு. அமுதவள்ளி என்ற பெண் எழுந்தாள். பன்னிரண்டு என்று யார் சொன்னது என்று கொளஞ்சியப்பனையே கேட்டாள். சுமாராகப் பார்த்துச் சொன்னதுதான் என்றார் அவர். அவள் முன்னால் போய்த் துணியை விரித்தாள். ஒரு பட்டை சுடாதது, வெட்டியது வெட்டியபடி ஈரத்துணியிலேயே வைத்தது. இன்னொன்று அதே அளவில் வெட்டிச் சுட்டது. இரண்டின் பக்கத்திலும் தன் ஸ்கேலை வைத்தாள். ஈரமானது சரியாக இருபது. சுட்டது பதினேழரை.

"இருபதுல ரெண்டரை போயிருக்குது. அப்ப நூத்துக்குப் பன்னெண்டரைங்க."

கொளஞ்சியப்பன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேஜை மேல் குனிந்தார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை அளக்கச் சொன்னார் அவர்.